ரோஜா நிற மொச்சை

முழங்கையால்தான் தாழ்ப்பாளைத் தள்ளினான் பொன்னழகு. இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை ரோஜா நிறம். வாசலில் அவன் மனைவி மணிமேகலை, செம்பட்டி சந்தைப் பையோடு.

"கையில என்னங்க?"

"மருதாணி."

"மருதாணின்னா செவக்கும். இது ரோஸால்ல இருக்கு?"

அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை. அவளைக் கொல்லைக்கு இழுத்துப்போனான். நிழலில் விரித்த சாக்கில் ஒரு டிரம் மொச்சை, கல்யாண வீட்டு மிட்டாய் போலக் காய்ந்துகொண்டிருந்தது.

"விதைக்குச் சாயம் கட்டிட்டேன் மேகலை! விவசாயப் பயிற்சியில சொன்னாங்க. இந்தப் பூச்சு இருந்தா ஈரம் ஏறாது, வண்டு அண்டாது, மொளைப்பு கொறையாது. மருந்து கலந்தது வேற. இனி ஒரு மணியக்கூட நீ குழம்புல போட முடியாது!"

தையில் அறுத்து விதைக்கென்று ஒதுக்குவதை, ஆடிக்குள் அவள் குழம்பும் வெஞ்சனமுமாக ஆக்கிவிடுவாள். விருந்தாள் வந்தால் ஒரு படி. சண்டை என்றால் அரைப் படி. சமாதானம் என்றால் இரண்டு படி. போன வருஷம் பாதி வயல் வெறுமனே கிடந்தது. இன்னொரு தடவை தரிசு போட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று குத்தகைக்கு விட்டவர் சொல்லியாயிற்று.

"அம்புட்டுக்குமா சாயம்?"

"அம்புட்டுக்கும்!"

"சரி, சாப்பிட வாங்க."

இவ்வளவு சுலபமாகத் தோற்பாள் என்று அவன் நினைக்கவேயில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் டிரம்மைத் திறந்து காட்டினான். "சாயமில்ல பங்காளி, வேலி!" என்றான் பக்கத்து வயல் பாண்டியராஜிடம். வீட்டில் மொச்சைக் குழம்பு மட்டும் நிற்கவில்லை.

"கடை மொச்சையில இம்புட்டு ருசியா வைக்கத் தெரியுது. அப்பறம் எதுக்கு என் விதையில கை வச்ச?" என்று கேட்டு, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டான்.

ஆடியில் மழை இறங்கியது. வயலில் டிராக்டர் நிற்க, பொன்னழகு ஓடிவந்து டிரம்மைத் திறந்தான். குபீரென்று வண்டு பறந்தது. ரோஜா நிற மணி ஒவ்வொன்றிலும் ஓட்டை.

"மேகலை! சாயம் ஏமாத்திருச்சு!"

"சாயத்த ஏன் வையிறீங்க? அது நல்ல சாயம். மொச்சைதான் சரியில்ல."

"நம்ம மொச்சைக்கு என்ன?"

"அது நம்மது இல்ல. சாயம் போடப்போறேன்னு பாண்டியராஜ் அண்ணன்கிட்ட போன்ல கத்துனீங்கள்ல, தெருவே கேட்டுச்சு. மறுநாளே மாத்திட்டேன். டிரம்முல கெடந்தது மளிகைக் கடையில தள்ளிவிட்ட பழைய சரக்கு. மேல வெள்ளை வெள்ளையா வண்டு முட்டை. நீங்க பாக்கல?"

பார்த்திருக்கலாம். உற்சாகத்தில் பார்க்கவில்லை. சாயம் ஏறிய பிறகு பார்க்க ஒன்றுமில்லை.

"அப்ப நம்ம விதை?"

"ருசி ருசின்னு சாப்ட்டீங்களே."

பொன்னழகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வயலில் டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான். நிலம் போய்விட்டது என்றே அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டது.

மணிமேகலை உள்ளே போய், இறுக மூடிய பெரிய கேன் ஒன்றைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துவந்தாள். மூடியைத் திருகினாள். முழு மொச்சை. ஓட்டை இல்லை, வண்டு இல்லை. அத்தனையும் ரோஜா நிறம்.

"இது எப்ப?"

"உங்க சாய டப்பாவுல பாதி மிச்சம் இருந்துச்சு. நம்ம விதையில வயலுக்கு வேணும்ங்கிற அளவுக்கு மட்டும் நானே கட்டி வச்சேன்."

"நீ எதுக்குக் கட்டுன?"

"இல்லாட்டி இதையும் குழம்பு வைக்கச் சொல்லித் தின்னுருப்பீங்க."

பொன்னழகு கேனைத் தோளில் ஏற்றினான். நிலைப்படி தாண்டும்போது ஒரு மணி சிந்தியது. கேனை இறக்கி வைத்து, அதை எடுத்து உள்ளே போட்டு, மூடியைத் திருகிவிட்டு நடந்தான்.