லிஃப்ட்காரரின் முட்டி வலி

இந்தத் தடவை பெண்டாட்டியிடம் தோற்பதே இல்லை என்று லிஃப்ட்காரர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த நாலு நாள் லீவு அது. கண்ட கண்ட கட்டடத்து லிஃப்டையெல்லாம் பழுது பார்த்துவிட்டு, கிரீஸ் நாற்றத்தோடு வீடு திரும்புகிற மனுஷனுக்கு ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. கடற்கரை மணலில் மல்லாந்து கிடக்க வேண்டும். மனைவிக்கோ மலை உச்சியில் ஒரு பழைய ஊரைப் பார்த்தாக வேண்டும். எழுநூறு வருஷத்து மதில், மணிக்கூண்டு, வண்டியே நுழையாத கல் தெரு.

"வண்டி நுழையாதுன்னா எப்படி மேல போறது?"

"படியிலதான். இருநூத்திப் பன்னெண்டு படி."

"லிஃப்ட் இல்லியா?"

"அந்தக் காலத்துல நீங்க பொறக்காமப் போயிட்டீங்களே!"

வாயால் இவளை ஜெயிக்க முடியாது என்பது கல்யாணமான மறுமாசமே தெரிந்துபோன விஷயம். அதனால் காலால் ஜெயிப்பதென்று திட்டம் போட்டார். மறுபேச்சில்லாமல் கிளம்ப வேண்டியது. படியேறி முடித்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டியது. 'இந்த ஊர் உங்களுக்கு ஒத்துக்காதுங்க, கடற்கரைக்கே போயிடலாம்' என்று அவளே சொல்லிவிடுவாள். கீழேயே உட்கார்ந்தால் சந்தேகம் வரும். ஏறிக் காட்டிவிட்டு விழுந்தால் ஊரே நம்பும். என்ன மூளை, என்ன மூளை என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவில் நர்ஸ் வேலை. இருபது வருஷமாகத் தினமும் சாப்பிடும்போது முட்டிக் கதைதான் சொல்வாள். இவர் 'ம்' கொட்டுவாரே தவிர, ஒரு வார்த்தையைக் காதில் வாங்கியதில்லை. வினையே அங்கேதான் இருந்தது.

மூச்சு வாங்க வாங்கக் கடைசிப் படியில் கால் வைத்தார். "ஐயோ, அம்மா!" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நடிப்பு பிரமாதம்.

மனைவி பதறவில்லை. முட்டியை அமுக்கினாள், மடக்கினாள், நீட்டினாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"உயிர் போகுது. கீழ போயிடலாம்மா."

"கீழயா? நல்லாருக்கே! முட்டிக்கு ஏறுறதைவிட இறங்குறதுதாங்க ஆபத்து. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! லீவு முடியுற வரைக்கும் நீங்க படியில காலே வைக்கக் கூடாது."

அவ்வளவுதான். மேலேயே அறை எடுத்திருந்த விடுதியில் கட்டுப் போட்டு, காலுக்கு அடியில் ரெண்டு தலையணை வைத்துப் படுக்கப் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே, வெகு தூரத்தில், கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறெரிந்தது.

மறுநாள் காலையில் அவள் மதிலைச் சுற்றி வந்தாள், மணிக்கூண்டில் ஏறினாள். மத்தியானம் தொப்பியையும் துண்டையும் பையில் வைத்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"கடலுக்குத்தான். கீழ பஸ் ஏறினா முக்கால் மணி நேரம். ஆசைப்பட்டீங்களே, உங்களுக்காக நானாவது பாத்துட்டு வரேன்."

லிஃப்ட்காரர் கட்டிலை விட்டுத் துள்ளி எழுந்தார். "வலியே இல்லம்மா! சத்தியமா சும்மா சொன்னேன்! இதோ பாரு!" ரெண்டு காலாலும் குதித்தும் காட்டினார்.

தண்ணீர் ஜாடியோடு உள்ளே வந்த விடுதிக்கார அம்மாளிடம் மனைவி உருகினாள். "பாத்தீங்களாக்கா? என்னைத் தனியா அனுப்ப மனசு வரலை. பாவம், வலியைக்கூட மறைக்கிறார்!"

"தங்கமான மனுஷன்!" என்றாள் அந்த அம்மாள்.

மனைவி இறங்கிப் போய்விட்டாள். லிஃப்ட்காரர் கெஞ்சிப் பார்த்தார். "நீங்களாவது நம்புங்கம்மா. எனக்கு ஒண்ணுமே இல்ல."

"சும்மா படுங்க சார்! போன வாரம் ரூம் கேட்டுப் போன் பண்ணும்போதே உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க. 'அவருக்கு மேல வந்து சேந்ததும் முட்டி வலி வந்துடும், கடலுக்குப் போற பஸ்ல எனக்கு மட்டும் ஒரு சீட் சொல்லி வைங்க'ன்னு."