டொக்காசாரி போட்ட வாசற்கதவு

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை விட்டு நானும் டொக்காசாரியும் நடந்துகொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்துக்குள் தோட்ட எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்பது வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு. உளிப்பெட்டி என் தலையில், இழைப்புளி அவர் கக்கத்தில், மழை இருவர் மேலும். அந்த அவசரத்திலும் அவர் ஒரு மரப்பாலத்தின் அருகே நின்று, கைப்பிடியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"அடுத்த மழைக்குத் தாங்காது" என்றார்.

"நம்ம தாண்டுற வரைக்கும் தாங்குமாங்க?"

"அதுக்குத்தானே தட்டிப் பாத்தேன். நட."

உலகத்தில் எதையும் நம்பாமல், எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தே ஐம்பத்தைந்து வயதுவரை வந்து சேர்ந்த மனிதர் அவர் ஒருவர்தான். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. டொக் டொக் என்று தட்டுவதால் டொக்காசாரி. அவர் ஊரான கொட்டகலைக் கடைவீதியில் குழந்தைகூட அப்படித்தான் சொல்லும். தேநீர்க்கடையில் பாண் ரொட்டி வாங்கினால் அதையும் தட்டுவார்.

"உள்ள ஈரம் இருக்கு."

"ஆசாரியாரே, அது பாணு. பலகை இல்ல" என்பார் கடைக்காரர்.

"நேத்து நீங்க குடுத்தது பலகைதான்."

ஒரு கல்யாண வீட்டில் சீராக வந்த அலமாரியைத் தட்டிவிட்டு, "தேயிலைப்பெட்டிப் பலகைக்கு வார்னீஷ் அடிச்சிருக்கு" என்று சபையில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். ஆசாரி அவசரமாகப் போய் மாப்பிள்ளையின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "பொருத்தமாத்தான் இருக்கு, உக்காருங்க" என்றார். கல்யாணம் நடந்தது. ஆசாரிக்குத்தான் சாப்பாடு கிடைக்கவில்லை.

கதவு செய்வதற்கு முன் அவர் வாசலை அளக்கமாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "யாரு வரக்கூடாதுன்னு நெனைக்கிறீங்க?" ஹட்டனில் பெரிய கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், புது வீட்டுக்குச் சித்திரவேலைக் கதவு வேண்டுமென்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வழக்கமான கேள்விக்கு, "நம்ம வீட்டுக்கு யாரு வேணும்னாலும் வரலாம் ஆசாரி" என்றார் பெருமையாக. "அப்ப கதவு எதுக்குங்க? ஒரு திரையைத் தொங்க விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவர் தனிக்கட்டை. கடைவீதிக்குப் பின்னால் ஒரு அறை. வெளியே போய் வந்தால் தம் கதவைத் தாமே தட்டுவார். கொஞ்ச நேரம் நிற்பார். பிறகுதான் பூட்டைத் திறப்பார். வெளிப்பக்கம் பூட்டிய அறைக்குள் யார் இருக்கப்போகிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "இருந்தா?" என்றார்.

எனக்கு எந்த வேலையும் மூன்று மாதத்துக்கு மேல் ஒட்டாது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில், மஸ்கெலியாத் தோட்டத்தின் தேயிலை ஆலையான ஸ்டோரில், தேயிலை காய வைக்கும் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன். தொழிலாளர் வரிசை வீடான பக்கத்து லயத்தில் கடைசி அறை, கடைசிக் காம்பரா, பேச்சியக்காவுடையது. கொழுந்து பறிப்பவர். புருஷன் செத்துப்போய், ஒரே மகளுடன் இருந்தார். அந்தக் காம்பராவின் கதவு நாலு துண்டுப் பலகை. காற்றுக்கே திறந்துகொள்ளும்.

விடியற்காலையில் தப்புப் பறை அடித்ததும், வேலையாட்களை மேய்க்கும் கங்காணி வருவார். அவருக்குக் கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. கம்பால் நெட்டித் தள்ளி உள்ளே நுழைந்து, படுத்திருப்பவர்களின் கம்பளியைக் கம்பு நுனியாலேயே இழுப்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுப்புகிறாராம்.

"மக வயசுக்கு வந்துட்டா, தம்பி" என்றார் பேச்சியக்கா ஒருநாள். "தள்ளினா தொறக்காத கதவு ஒண்ணு வேணும். ஆசாரி யாரையாவது தெரியுமா?"

நான் கொட்டகலைக்குப் போய் டொக்காசாரியைக் கூட்டி வந்தேன். வெளியாள் தோட்டத்தில் தங்கக்கூடாது என்பதால், என் மாமா என்று சொல்லி என் காம்பராவிலேயே வைத்துக்கொண்டேன். அவர் பேச்சியக்காவிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"யாரு வரக்கூடாது?"

"கங்காணி."

ஆசாரி உடனே காதிலிருந்த பென்சிலை எடுத்தார். இவ்வளவு சுருக்கமான பதிலை அவருக்கு யாரும் சொன்னதில்லையாம்.

கீழேயிருந்த சிங்களக் கிராமத்தில் காற்றில் சாய்ந்த பலா மரம் ஒன்று கிடந்தது. பேச்சியக்காவும் மகளும் நாலு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்காரரின் மிளகாய்த் தோட்டத்தில் கொத்திக் கொடுத்து அந்த மரத்தை வாங்கினார்கள். நானும் ஆசாரியும் ரம்பம் போட்டு அறுத்தோம். பலகைகளை ஸ்டோர் அடுப்புக்குப் பின்னால் அடுக்கி மூன்று வாரம் காய வைத்தேன். அந்த மாதம் எங்கள் தோட்டத்துத் தேயிலையைக் குடித்த லண்டன்காரர்களுக்கு லேசாகப் பலாப்பழ வாசனை அடித்திருக்கும். ஆசாரி தினமும் வந்து தட்டுவார். "இன்னும் அழுவுது" என்று திரும்பிவிடுவார். ஒருநாள் தட்டிவிட்டுச் சிரித்தார். காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கதவு மூன்று விரற்கடைத் தடிப்பு. தூக்க நாலு ஆள் வேண்டும். அதை மாட்டிய பிறகு பார்த்தால், கதவின்மேல் லயம் சாய்ந்து நிற்பதுபோல் இருந்தது.

ஆனால் அதில் ஒரு ஆபத்து இருந்தது. லயம் தோட்டத்துச் சொத்து. சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் சேதம் பண்ணியதாகக் காம்பராவைப் பறித்து, வேலைப் பதிவிலிருந்து பேரையும் வெட்டிவிடலாம். பேர் போனால் தாயும் மகளும் ரோட்டில்தான். ஆசாரியிடம் சொன்னேன். "அது என் கவல" என்றார்.

மறுநாள் விடியலில் கங்காணி வந்தார். பழக்கப்படி கம்பால் நெட்டினார். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்தார். கதவு அவரைத் திருப்பிக் கொடுத்தது. தலைப்பாகை வாசலோரம் ஓடும் தண்ணிக்கானில் விழுந்தது.

"ஏய் பேச்சி, தொற கதவை!"

"யாரு?" என்றார் பேச்சியக்கா உள்ளேயிருந்து.

அந்த லயத்தில் கங்காணியைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் தலைப்பாகையைப் பிழிந்துகொண்டே நேராகத் துரையிடம் போய், பேச்சி லயத்துச் சுவரை உடைத்து ஆணி அடித்துவிட்டாள் என்று சொன்னார்.

பெரட்டு முடிந்ததும் துரை வந்தார். பேச்சியக்கா வேலைக்குப் போகாமல் மகளுடன் உள்ளேயே இருந்தார். லயமே வாசலில் நின்றது. கங்காணி கதவை உதைக்கக் காலைத் தூக்கினார். அதற்குள் துரை கையை மடக்கி மூன்று தட்டுத் தட்டினார். வேறொன்றுமில்லை, அவர்கள் வளர்ந்த விதம் அப்படி. மூடிய கதவைக் கண்டால் கை தானாகப் போகும்.

"யாரு?"

"நான் தொரை. உள்ளே வரலாமா?"

கங்காணியின் கால் மெதுவாகக் கீழே இறங்கியது.

கதவு திறந்தது. துரை மேலும் கீழும் பார்த்தார். "ஆணி எங்கே?"

ஆசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "ஆணியே இல்லீங்க தொரை. கீலும் இல்ல. கதவுலயே மேல ஒரு குடுமி, கீழ ஒரு குடுமி. அது சுத்துறதுக்கு நிலையில குழி. நிலைக்கு நாலு ஆப்பு. ஆப்பைத் தட்டினா நிலையோட வந்துடும். எஸ்டேட் செவத்துல ஒரு கீறல் கெடையாது. சந்தேகம்னா தட்டிப் பாருங்க."

துரை தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம். இன்னொரு தடவையும் தட்டினார்.

"கதவு இருக்கட்டும்" என்றார். பிறகு ஆசாரியைத் திரும்பிப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

என் மாமா என்றேன். பேர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்படித்தான் தோட்டத்தை விட்டுப் போக எங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது.

நாங்கள் சாமான் கட்டிக்கொண்டு வரும்போது கங்காணி அந்த வாசலில் நின்றார், பேச்சியக்காவைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்ப. துரை இன்னும் கீழே ரோட்டில்தான் இருந்தார். கங்காணி கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் தட்டினார்.

"யாரு?"

"கங்காணி."

"இருங்க. சேலை மாத்திக்கிட்டு வர்றேன்."

அவர் இருந்தார். ஆசாரி நின்று அதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் நடந்தார்.

ஹட்டன் வரை நடை, அங்கிருந்து கொட்டகலைக்கு பஸ். கடைவீதியில் ஆசாரி பாண் தட்ட நின்றுவிட்டார். சாவியைக் கொடுத்து என்னை முன்னால் போகச் சொன்னார். நான் திறந்து உள்ளே போய், கதவைச் சாத்தி, பெட்டியை இறக்கி வைத்து, நனைந்த சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். டொக் டொக் என்றது.

"யாரு?" என்றேன்.

மறுபடியும் டொக் டொக் என்றது. நானும் மறுபடி கேட்டேன். பாணுக்குச் சண்டை பிடித்துக் காது அடைத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"நான்தாம்ப்பா" என்றார் பிறகு.

உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இழைப்புளியைத் துடைத்து மாட்டினார். பாணை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை என் பக்கம் வைத்தார். அதைத் தட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எனக்கு இரண்டு வேலை கிடைத்தது. ஒன்று லொறியில், கொழும்புவரை போய்வரலாம், சம்பளமும் நல்லது. மற்றது அந்தப் பாண் சுடுகிற பேக்கரியில் விறகு பிளப்பது. நான் பேக்கரிக்குப் போனேன். அங்கே சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் விட்டுவிடுவார்கள். ஆசாரி வந்து தட்டும்போது உள்ளே ஆள் இருக்கும்.