மைனாவுக்கு வைத்த சோறு

பாம்பூஃப்ளாட், அந்தமான்
பிப்ரவரி 1963

மணப்பாட்டில் இருக்கும் என் மரியாதைக்குரிய மச்சான் வேதநாயகம் அவர்களுக்கு, தங்கள் தங்கை கிளாராவைக் கைப்பிடித்த அல்போன்ஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் இங்கே இருவரும் சுகம். உடம்பு சுகம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

அடுத்த கப்பலில் கிளாரா மெயின்லேண்டுக்குப் புறப்படுகிறாள். தாங்கள் மெட்ராஸ் துறைமுகம் வந்து அழைத்துப்போக வேண்டும். என்னடா செய்தாய் என்று கேட்பீர்கள். மைனாவுக்குச் சோறு வைத்தேன் மச்சான், அவ்வளவுதான்.

கலியாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு இங்கே பேச்சுத்துணை இல்லை. பக்கத்து வீட்டு ஜெகநாதன் விசாகப்பட்டினத்துக்காரர், எதிர்வீட்டில் வங்காளிகள், எல்லாருக்கும் பொதுவாக ஹிந்தி. இவளுக்கோ அதில் 'பானி' தவிர எதுவும் வராது. தச்சன் பெண்டாட்டி சுவரோடு பேசலாமா என்று இங்கத்துப் படாக் மரப்பலகையில் ஒரு கூட்டுப்பெட்டி செய்து கொல்லைப் பலாமரத்தில் கட்டி, கீழே கம்பு நட்டு, பலகை அடித்து, சோறு வைத்தேன். மைனாக்கள் வந்தன. கிளாரா அவற்றிடம் ஊர்க்கதை பேசினாள். குண்டான ஒன்றுக்குத் தங்கள் பெயரையே வைத்தாள், கோபிக்க வேண்டாம். போன வாரம் அவள் சோறு வைத்துத் திரும்புவதற்குள் எங்கிருந்தோ ஒரு வல்லூறு அம்பு மாதிரி வந்து தங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதாவது, அந்த மைனாவை.

"மைனாவுக்கா வச்சீங்க? வல்லூறுக்கில்ல எல போட்டிருக்கீங்க!" என்று ஒரே அழுகை. மற்ற மைனாக்களும் அன்றோடு சரி. நான் சும்மா இருந்திருக்கலாம். காக்கையாவது வரட்டுமே என்று மீன்தலையையும் குடலையும் பலகையில் வைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கிளாரா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கோழிகள் சத்தமில்லாமல் வாழையடியில் ஒடுங்கின. தரையில் நிழல் விழ, மேகம் என்று நிமிர்ந்தேன். மச்சான், அது கடற்கழுகு! வயிறு சாமியார் அங்கி போல வெள்ளை, றெக்கையை விரித்தால் நம்மூர் வள்ளத்துப் பாய். அது இறங்கின வேகத்தில் கம்பு சாய்ந்தது, கொடியில் கிடந்த என் வேட்டி பறந்து வேலிக்கு அப்பால் ஜெகநாதன் தலையில் விழுந்தது. அவர் வேட்டிக்குள் இருந்தபடியே, "ஹில்னா மத், பாய்! ஹில்னா மத்!" என்று கிசுகிசுத்தார். அசையாதே என்று அர்த்தம். சொல்லாவிட்டாலும் எனக்குக் கால் அசைவதாக இல்லை. கிளாராவுக்கும் அதற்கும் நடுவே ஒரு சேலை அகலம்தான். மீன்தலையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு அது அவளைப் பார்த்தது. கோபமில்லை, பயமில்லை. பூசையில் சாமியார் நற்கருணையை உயர்த்தும்போது கோயில் முழுக்க மூச்சடங்குமே, அப்படி அடங்கிப்போனது கொல்லை. என் முழங்கால் தானாக மடிந்தது. பயத்தில் விழுந்தேன் என்று ஜெகநாதன் அக்கரை ஜங்லிகாட் வரைக்கும் சொல்லித் திரிகிறார், நம்ப வேண்டாம். அது நிதானமாகத் தின்று, அலகைப் பலகையில் துடைத்து, ஒரே உந்தலில் எழும்பிக் கடல்பக்கம் போயிற்று. புள்ளியாகி மறையும்வரை மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

கிளாராதான் முதலில் பேசினாள். "இப்பிடியாப்பட்டது வந்து போற எடத்துல நாம யாருங்க?"

பயந்துவிட்டாள் பாவம். "ஊருக்குப் போறியா புள்ள?" என்றேன். ஆகாயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சம்மதம் என்று புரிந்துகொண்டு கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்பதைக் கேட்காதீர்கள்.

தங்கள் வீட்டுப் பொன்னம்மா அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா தங்கள் வலைகளை நிறைத்து, தங்களைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும்.

இப்படிக்கு,
அல்போன்ஸ்

பின்குறிப்பு: மெட்ராசுக்கு வர வேண்டாம். சீட்டைப் பார்த்ததும் கிளாரா, "நான் போறேன்னு எப்பச் சொன்னேன்? அது மறுபடி வர்றப்ப நான் இங்க இருக்க வேண்டாமா?" என்று குதித்துவிட்டாள். போகட்டும், பலாமரத்துக் காலிக் கூட்டுப்பெட்டியையாவது கழற்றலாம் என்று ஏணி வைத்து ஏறினால், துளையிலிருந்து வட்டமான ஒரு சின்ன முகமும் இரண்டு மஞ்சள் கண்களும் என்னையே பார்க்கின்றன. ஆந்தை! அபசகுனம் என்றார் ஜெகநாதன். கிளாரா ஏணியைப் பிடித்து ஆட்டி, "எறங்குங்க, அவ அடை கெடக்கா!" என்றாள். ஆகவே தாங்களே குடும்பத்தோடு கப்பலேறி வரவும். வந்தால் கொல்லைப் பக்கம் மட்டும் சத்தமாகப் பேச வேண்டாம்.