ஒரே தோட்டாவும் இரண்டு கையெழுத்தும்

நாட்டு மக்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று கவனித்துக்கொள்ள ஓர் அலுவலகம் இருப்பது நல்லதுதான். இல்லாவிட்டால் அவரவர் இஷ்டத்துக்குச் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். அரசாங்கத்துக்குத் தகவலே வராது. ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் யோயென்சூ நகரில் அந்த அலுவலகம் நீச்சல் குளத்துக்கு எதிர்க் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறது. முழுப் பெயர், வீடியோ கேம் மெய்ம்மை மற்றும் மகிழ்ச்சித் தரநிர்ணய அலுவலகம், கிழக்கு வட்டாரம். ஒரே அறை, இரண்டு மேஜை, ஒரு காப்பி இயந்திரம். மெய்ம்மைக்கு ஓஸ்மோ, மகிழ்ச்சிக்கு சீர்க்கா. அரசு உதவியோடு உருவாகும் எந்த கேமும் இவர்கள் இருவர் கையெழுத்தும் இல்லாமல் வெளியே போக முடியாது.

எங்களுடையது அப்படிப்பட்ட கேம். ஹில்க்கா என்கிற பெண் நான்கு வருஷம் உட்கார்ந்து உருவாக்கினாள். பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் நாங்கள் ஆறு பேர் அவளோடு வேலை பார்த்தோம். நான் கலேவி, ஒலி என் பொறுப்பு. கேமில் பனியில் யாராவது நடந்தால் நறநறவென்று கேட்கிறதே, அது நான் துணிப்பையில் உருளைக்கிழங்கு மாவைக் கட்டிப் பிசைந்தது.

கேம் ரொம்ப எளிமையானது. நீங்கள் ஒரு ஸ்னைப்பர். எல்லைக் காட்டில் ஒரு வெள்ளைச் சரிவில் வெள்ளை உடுப்போடு படுத்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு தோட்டா. வெகு தூரத்தில் எதிரியின் தளபதி ஒருவன் வருகிறான். ஊசியிலை மரங்களின் நுனி ஆடுவதைப் பார்த்துக் காற்றைக் கணிக்க வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். இதயம் துடிப்பது கேட்கும். இரண்டு துடிப்புக்கு நடுவே விசையை அழுத்த வேண்டும். தவறினால் முதலிலிருந்து ஆரம்பம். அவ்வளவுதான். அதை முதன்முதலில் ஆடிப் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

நவம்பரில் மகிழ்ச்சிப் பரிசோதனை நடந்தது. ஊரிலிருந்து ஆறு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கோப்பை காப்பி. ஓரத்தில் சீர்க்கா படிவமும் பேனாவுமாக, அவளுக்கும் ஒரு கோப்பை. மூன்று மணி நேரம் ஒருவரும் அசையவில்லை. பேச்சில்லை, இருமல்கூட இல்லை. எங்கள் ஊரில் வீடு தீப்பிடித்தால்கூட கையில் இருக்கிற காப்பியைக் குடித்துவிட்டுத்தான் தண்ணீர் தேடுவோம். அன்றைக்கு ஆறு கோப்பையும் தொடாமல் ஆறிப்போயின. ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்த சீர்க்காவின் கோப்பையும் சேர்த்து ஏழு. நானே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன்.

முடிந்ததும் ரெய்னோ என்கிற பஸ் டிரைவர் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, வாசல் வரை போய், திரும்பி நின்று, “பரவாயில்ல” என்றார். முதல் குழந்தையைக் கையில் வாங்கியபோதும் அவர் அதையேதான் சொன்னாராம். அவர் மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சீர்க்கா படிவத்தை நீட்டினாள். புன்னகை, பூஜ்யம். சிரிப்பு, பூஜ்யம். உணர்ச்சி ஒலிகள், பூஜ்யம். மகிழ்ச்சி மதிப்பெண், நூற்றுக்குப் பூஜ்யம்.

ஹில்க்காவின் முகம் வாடிவிட்டது. “சீர்க்கா, ரெய்னோ மூணு மணி நேரமா கண்ணே சிமிட்டலை. அது சந்தோஷம் இல்லாம வேற என்ன?”

“எனக்குத் தெரியுது ஹில்க்கா. படிவத்துக்குத் தெரியணுமே.”

படிவம் தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே ஒரு ரொட்டி வாங்கினால்கூட நாலு பேர் சேர்ந்து கொண்டாடுவார்கள். அதை அப்படியே நம் நாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று தலைநகரில் ஒரு கூட்டம் போட்டுக் கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் நாட்டுக் கூட்டங்களில் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். அப்படி ஏகமனதாக நிறைவேறிய படிவம் அது.

அடுத்தது ஓஸ்மோ. இருபத்தேழு வருஷம் எல்லையில் காவல் வேலை பார்த்தவர். யாரையும் சுட்டதில்லை. ஒருமுறை ஒரு காட்டுமானைக் குறிவைத்தார், அது இன்னும் சௌக்கியமாக இருக்கிறதாம். அவர் எழுந்து நின்று வாசித்தார். “மேற்படி விளையாட்டில், சுடுபவர் படுத்த இரண்டாவது நிமிடமே எதிரி தென்படுவதாகக் காட்டப்பட்டுள்ளது. இது மெய்ம்மைக்குப் புறம்பானது. குறைந்தபட்சம் பதினோரு மணி நேரம் ஆக வேண்டும்.”

“பதினோரு மணி நேரம் ஆடுறவங்க என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டாள் ஹில்க்கா.

“படுத்திருப்பாங்க.”

“அதுல விளையாட்டு எங்க இருக்கு ஓஸ்மோ?”

“அது சீர்க்காவோட மேஜை.”

அப்புறம் என் பனிச் சத்தத்தில் கைவைத்தார். உருளைக்கிழங்கு மாவு பனி ஆகாது, அசல் பனியைத்தான் பதிவு செய்ய வேண்டும் என்றார். சரி என்று காட்டுக்குப் போய், மூக்கு நுனி மரத்துப்போகும்வரை நடந்து பதிவு செய்துகொண்டு வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “கலேவி, இது ஏதோ மாவு மாதிரி இருக்கே” என்றார். ஆத்திரம் வந்தது, அடக்கிக்கொண்டேன். மறுவாரம் பழைய உருளைக்கிழங்கு மாவையே போட்டுக் காட்டினேன். “இதுதான் பனி” என்று முத்திரை குத்தினார்.

விதிமுறையில் இன்னொரு வரியும் இருந்தது. சான்று பெறாத பதிப்பு எதுவாயினும் ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் அழிக்கப்படும். அதன் மூலப்பிரதி அலுவலகத்தின் கணினியில்தான் இருக்கும், திருத்துகிற பிரதியைத் தவிர எங்கள் கையில் நகல் வைத்துக்கொள்ளக் கூடாது. வேறு நாட்டில் என்றால் பத்துப் பேர் பத்து நகல் எடுத்திருப்பார்கள். எங்களுக்குக் கூடாது என்றால் கூடாது. ஆக, ஹில்க்காவின் நான்கு வருஷம் அந்த இரண்டாவது மாடியில் தேதி குறித்துக் காத்திருந்தது. நிறுவனம் பிழைக்க வேண்டும் என்பதற்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தாள். திருத்தியதை வைத்துச் சான்று வாங்கிச் சந்தைக்குள் நுழைந்துவிட்டு, பிறகு முதல் பதிப்பை மீட்டுக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம்.

ஜனவரியில் இரண்டாம் பரிசோதனை. பதினோரு மணி நேரம் பனியில் படுத்திருக்கலாம், மூக்கு ஒழுகும், கால் மரத்துப்போகும், எதிரி வருவான். அதே ஆறு பேர். நாலாவது மணி நேரத்தில் நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டார். சீர்க்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். உணர்ச்சி ஒலி, ஒன்று. ஏழாவது மணி நேரத்தில் ரெய்னோ முனகினார். மதிப்பெண் முப்பத்தொன்று. அத்தனை பேரும் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

ஹில்க்கா கெட்டிக்காரி. ஆட்கள் நொந்துபோனால்தான் மகிழ்ச்சி ஏறுகிறது என்று அன்றைக்கே கண்டுகொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஓஸ்மோவும் விடவில்லை. ஸ்னைப்பருக்குப் பக்கத்தில் தூரம் கணித்துச் சொல்ல ஒரு தோழன் வேண்டும் என்றார், வைத்தோம். அவன் பதினோரு மணி நேரத்தில் மூன்று வாக்கியம் பேசினான். மூன்று மிகை என்று ஒன்றை வெட்டினார். பிறகு பணி நிபந்தனைக்கு வந்தார். நாட்டில் யார் எந்த வேலை பார்த்தாலும் தலா பன்னிரண்டு நிமிஷம் இரண்டு காப்பி இடைவேளை உண்டு. ஸ்னைப்பருக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? கொடுத்தோம்.

“எதிரிக்கு?” என்றார்.

“எதிரிக்குமா?” என்றாள் ஹில்க்கா.

“அவனும் வேலைலதானே இருக்கான்? இடைவேளைல இருக்கிற ஆளைத் தொந்தரவு பண்றது முறையில்ல.”

நாங்கள் உட்கார்ந்து இரு தரப்பு இடைவேளையையும் பொருத்திப் பார்த்தோம். எதிரி வெளியே வந்து நிற்கிற இரண்டு தடவையும் அவன் காப்பி குடிக்கத்தான் வருகிறான். அப்போது சுடக் கூடாது. மீதி நேரமெல்லாம் அவன் பதுங்குகுழிக்குள் இருக்கிறான், தெரிய மாட்டான். ஆகவே விதிமுறைப்படி யாரையும் எப்போதும் சுட முடியாது. சுடாமல் இருந்ததற்கான காரணத்தை மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்தால் ஆட்டம் முடிகிறது. ஓஸ்மோ கண் கலங்கிவிட்டார். இருபத்தேழு வருஷமும் தன் வேலை அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது என்றார்.

மார்ச்சில் மூன்றாம் பரிசோதனை. ஆறு பேரும் பெருமூச்சு விட்டார்கள். இரண்டு பேர் வாய்விட்டுத் திட்டினார்கள். நூலகத்து அம்மாள் அழுதுவிட்டார். ரெய்னோ எட்டாவது மணி நேரத்தில் விரக்தியில் சிரித்தார், அது சிரிப்பு என்ற கட்டத்தில் ஏறியது. மகிழ்ச்சி மதிப்பெண் தொண்ணூற்று நாலு. வட்டாரத்தில் இதுவரை யாரும் எடுக்காத மதிப்பெண்.

கேம் வெளியே வந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் ‘மெய்ம்மை நூறு, மகிழ்ச்சி தொண்ணூற்று நாலு’ என்று போட்டிருந்தது. நாடே வாங்கியது. வாங்கினவர்கள் எல்லோரும் பதினோரு மணி நேரம் படுத்துக் கிடந்துவிட்டு, ஊரே ரசிக்கிறது, நமக்குத்தான் ரசனை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுநாளும் படுத்தார்கள். யாரும் வெளியே சொல்லவில்லை. பத்திரிகையில் ‘படுத்தல் வாழ்வுமுறை’ என்று நாலு பக்கம் வந்தது. தலைநகரில் படுத்தல் மன்றங்கள் தொடங்கினார்கள், வெள்ளைப் போர்வைக்கும் தனிப் பாய்க்கும் கடைகளில் வரிசை நின்றது. ஒரு நிர்வாக ஆலோசகர் அதைக் கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய், சுடாமல் இருக்கும் பண்பு மேலதிகாரிகளுக்கு அவசியம் என்று பயிற்சி கொடுத்தார். ஹில்க்காவுக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இறங்கி வந்ததும், “கலேவி, முதல் பதிப்பு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கும்” என்றாள். மேல்முறையீடு போட்டாள்.

மேல்முறையீட்டு விதி நியாயமானது. அதிகாரிகள் இருவரும் அந்தப் பதிப்பைத் தாங்களே ஆடிப் பார்க்க வேண்டும். நேரில் பார்த்த ஒரு சாட்சி, அவர்கள் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பித்தவர் வரக் கூடாது. சாட்சி அவருடைய கம்பெனி ஆளாகவே இருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது விதிமுறையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். அது நற்குணம் என்று நினைக்காதீர்கள், சோம்பல்தான். ஹில்க்கா என்னை அனுப்பினாள்.

ஏப்ரல் முப்பது, காலை பதினோரு மணிக்குப் போனேன். கதவைத் தட்டினேன், பதில் இல்லை. திறந்துகொண்டு போனால், பதினாலு வருஷமாகத் தனித்தனி மேஜையில் உட்கார்ந்தவர்கள் ஒரே திரைக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மவுஸ் ஓஸ்மோ கையில். சீர்க்கா மரங்களின் நுனியைப் பார்த்துக் காற்றைக் கணித்து, விரலால் மட்டும் சைகை காட்டினாள். இரண்டு பேரும் மூச்சை அடக்கியிருந்தார்கள். இரண்டு கோப்பைக் காப்பியும் ஆடை படிந்து கிடந்தன. அருகே முட்டை வெண்ணெய் தடவிய, எங்கள் வட்டாரத்துக் கரேலிய அப்பம் ஓரம் காய்ந்துபோயிருந்தது. எவ்வளவு நாளாக ஆடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“நவம்பர்லேர்ந்து” என்றாள் சீர்க்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஹில்க்கா ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஓஸ்மோ சுட்டார், தவறிவிட்டது. இருவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பார்த்தேன். கடைசியில் சீர்க்கா பெருமூச்சுகூட விடாமல் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“கலேவி, நீங்க பாத்தீங்க. எங்க முகத்துல சந்தோஷம் தெரிஞ்சுதா?”

பேனாவையும் என் பக்கம் நகர்த்தினாள். ஓஸ்மோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை நான் எழுதினால் போதும் என்று மூன்று பேருக்குமே தெரியும். நான் இருவர் முகத்தையும் நன்றாகப் பார்த்தேன். இரண்டும் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தன. காப்பியைப் பற்றி எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை, கேட்டது முகத்தைப் பற்றி.

“தெரியலைங்க” என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

“உள்ளதைத்தானே சொல்ல முடியும்” என்று ஓஸ்மோ எனக்கு ஆறுதல் சொன்னார். அழிக்கும் பொத்தானைக் கொண்டுவந்து திரையில் நிறுத்தினார். பிறகு, காற்று இப்போது நன்றாக அடங்கியிருக்கிறது, ஒரே ஒரு தடவை சுட்டுவிட்டு அழிக்கிறேனே என்று என்னிடம் அனுமதி கேட்டார். சுட்டார். அந்தத் தடவை குறி தப்பவில்லை. சீர்க்கா, “பரவாயில்ல” என்றாள். ஓஸ்மோ அழித்தார்.

கீழே நீச்சல் குளத்து வாசலில் ஹில்க்கா நின்றுகொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், என் கையெழுத்து உட்பட. ஆறிப்போன காப்பியைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு, அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டாள்.

என்னிடமும் அலுவலகத்திடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கும் சம்மதம் என்றுதான் அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள்.