செத்த மரத்துக்கு ஒரு சென்டிமீட்டர்

கண்டிக் கந்தோர்களில் வேலை பார்த்து எத்தனையோ கிறுக்கர்களைக் கண்டுவிட்டேன்; டேப் நானாவைப் போல மனுசனின் உயிரை வாங்கும் பிறவியை எங்கும் கண்டதில்லை.

அக்குறணைக்காரர். என்னைவிட இரண்டே வயது மூத்தவர், ஆனாலும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் வேலை காட்டு மரங்களைக் கணக்கெடுப்பது. காட்டுக்குள் ஒரு வட்டம் குறித்து, அதற்குள் நிற்கும் மரங்களுக்கு நம்பர் போட்டு, நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். சில வருசம் கழித்து அதே மரங்களை மறுபடி அளக்க வேண்டும். இந்த மனுசன் அந்த டேப்பை இடுப்பில் கட்டிக்கொண்டே திரிவார். கல்யாண வீட்டுக்கும் அப்படியே வந்தார். எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் சோற்றைச் சுற்றி உட்கார்ந்தபோது டேப் அவிழ்ந்து இறைச்சியில் விழுந்தது. துடைத்துத் திரும்பவும் கட்டிக்கொண்டார், வெட்கங்கெட்ட மனுசன்!

வட்டத்தின் ஓரத்தில் ஒரு மரம் நின்றால் போச்சு. உள்ளேயா வெளியேயா என்று அரை மணி நேரம் அளப்பார். அட்டை என் காதுக்குப் பின்னால் சாவகாசமாக இரத்தம் குடிக்கும்.

"நானா, ஒத்த மரத்துக்கு ஏங்க இந்தப் பாடு? உள்ளன்னு போட்ருவோம்."

"ஒனக்கு ஏலும். எனக்கு ஏலா."

ஒருநாள் அலவத்துகொடைக்கு மேலேயுள்ள காட்டுக்கு என்னைத் தனியே அனுப்பினார்கள். கொட்டும் மழை. நான் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, போன முறை எடுத்த அளவுகளோடு மரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டிப் படிவத்தை நிரப்பினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சி இன்னொரு பிளேன்டீயும் குடித்தேன். வேலை நிரந்தரமாக ஒரு மாதம்தான் பாக்கி.

பத்து வட்டத்தில் ஒன்றை இன்னொருவர் போய்ச் சரிபார்ப்பது வழக்கம். டேப் நானா என்னுடையதையே பொறுக்கி எடுத்தார், சனியன்! காற்சட்டையெல்லாம் அட்டைக்கடி இரத்தத்தோடு திரும்பிவந்து, படிவத்தை என் மேசையில் வீசினார்.

"பதினேழாம் நம்பர் மரம் விழுந்து மக்கிக் கெடக்கு. அதுக்கும் ஒரு சென்டிமீட்டர் வளத்தீக்கிறாய்! மரமென்ன கவர்மென்ட் உத்தியோகமா, படுத்துக் கெடந்தாலும் இன்கிரிமென்ட் குடுக்க?"

நான் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தேன். "மேல சொல்லிராதீங்க நானா, வேலை போயிரும்!"

படிவத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். "அழுறத நிப்பாட்டு. பூட்ஸ மாட்டு."

முதல் மரத்திலிருந்து எல்லாவற்றையும் அளக்கவைத்தார். மரத்துக்கு மரம் ஏச்சு. அப்படி ஏச்சு வாங்க நான் என்ன கொலையா செய்தேன்?

புதுப் படிவம் இரண்டு நாள் பிந்திப் போனது. பிந்திய காரணத்தைச் சரிபார்த்தவர் என்ற முறையில் அவர்தான் எழுத வேண்டும். உள்ளதைத்தான் எழுதுவார், நான் தொலைந்தேன் என்றிருந்தேன். ஒரு மாதத்தில் நிரந்தரக் கடிதம் கையில் வந்தது. நம்ப முடியாமல் ஓடிப்போய் கோப்பைப் புரட்டினேன். அவர் கையெழுத்தில் இருந்தது: "டேப்பை மறந்து வீட்டில் வைத்துவிட்டேன். தாமதம் என் பிழை."

இன்றைக்கும் கந்தோர் நிறைய ஆள் இருக்க, "டேய் பதினேழு!" என்று கூப்பிட்டு என் மானத்தை வாங்குகிறார். வாங்கட்டும்.

டேப்பை மறந்தாராம்! சஹனிலும் அதைக் கழற்றாத மனுசன், எனக்காக.