நான் இருமியதும் வகுப்புக்குப் புரிந்தது

வில்லாரிக்கா,
வெள்ளிக்கிழமை.

புவனோஸ் ஐரிஸ் குளிரோடு மல்லுக்கட்டும் அன்புத் தங்கை பெர்பெத்துவாவுக்கு,

அண்ணன் எவ்லோகியோ எழுதுவது. உன் அண்ணி தீக்னா சௌக்கியம். நானும் உடம்பளவில் சௌக்கியம்தான். அங்கே மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலம் என்றே எண்ணிக்கொண்டு என் புலம்பலைத் தொடங்குகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். குழந்தைக்கு வாசிக்கச் சொல்லித்தருவது எப்படி என்று வருங்கால ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருவது. பயிற்சி முடிக்கும் ஒவ்வொருவரும் கல்லூரி வளாகத்துப் பள்ளியில் முதல் வகுப்புக்கு என் முறைப்படி ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பின்பெஞ்சில் உட்கார்ந்து நான் மார்க் போடுவேன். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிடுகிறார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தூக்கிக் காட்டு, சொல்லட்டையை நீட்டு, எழுத்தெழுத்தாகப் பிரி, பிறகு பொறுமையாகக் காத்திரு. சற்று நேரத்தில் எல்லா முகங்களிலும் ஒரே சமயத்தில் விளக்கெரியும். அந்த நொடியைப் பற்றித் தலைநகர் அசுன்சியோனில் மேடையேறிப் பேசியிருக்கிறேன். அச்சகத்தில் இருக்கும் என் புத்தகத்தில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு.

நேற்று நீமியா என்ற பெண் பாடம் நடத்தினாள். நல்ல பெண், ஆனால் பதற்றக்காரி. கிழங்கைச் சரியாகக் காட்டிவிட்டு, தர்பூசணி என்று எழுதிய அட்டையை நீட்டிவிட்டாள். பிள்ளைகள் திக்கித் திணறி, எழுத்துக் கூட்டி, "ம... ர... வள்... ளி" என்று வாசித்தார்கள். முகங்களில் விளக்கும் எரிந்தது.

பாடம் முடிந்ததும் முன்வரிசைச் சுனில்டாவை அழைத்து, அட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"தர்பூசணி சார். அந்தக்கா பாவம், அழுதுருவாங்கன்னு மாத்திப் படிச்சோம்."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் சார். அண்ணன், அக்காங்க கடைப் பலகையக் காட்டிச் சொல்லிக்குடுத்துருவாங்க. ஆனா புது டீச்சர் வந்தா தெரியாத மாதிரி உக்காரணும். நமக்குத் தெரியும்னா அவங்களுக்கு வேலை கிடைக்காதாம். நீங்க பின்னாடி இருமுவீங்கல்ல, அப்பத்தான் புரியணும்."

அண்ணன்மார் காலத்திலிருந்து இதுதான் வழக்கமாம். யோசித்துப் பார், தங்கச்சி. ஒருவன் ஆயுள் முழுக்க மழையை ஆராய்ந்து நூல் எழுதி, கடைசியில் மாடியில் யாரோ செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று தெரிந்தால் எப்படியிருக்கும்? தீக்னாவிடம் சொன்னேன். குவளையில் குளிர்ந்த தெரெரே பானத்தை ஊற்றிக்கொண்டே, "புள்ளைங்களா பாத்து உங்களப் பாஸ் போட்டு விட்டுருக்குங்க, இன்னும் என்ன வேணும்?" என்கிறாள்.

திங்களன்று அச்சகத்துக்குப் போய்ப் புத்தகத்தை நிறுத்தப்போகிறேன். இனி மார்க் போட வரமாட்டேன் என்று பள்ளியிலும் சொல்லிவிடுவேன். காக்குப்பே மாதா உங்கள் வீட்டையாவது சிரிக்க வைக்கட்டும்.

உடைந்த மனதுடன்,
அண்ணன் எவ்லோகியோ

பின்குறிப்பு (திங்கள்): உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. முதலில் பள்ளிக்குத்தான் போனேன். இடைவேளை. பண்ணைப் பக்கமிருந்து புதிதாகச் சேர்ந்த எமில்சேவுக்கு உண்மையாகவே ஓர் எழுத்தும் தெரியாது. அவளை மாமரத்தடியில் உட்காரவைத்து, சுனில்டா கிழங்கைக் காட்டுகிறாள், அட்டையை நீட்டுகிறாள், பிரிக்கிறாள், அதட்டாமல் காத்திருக்கிறாள். என் முறையை இத்தனை சுத்தமாக எந்தப் பயிற்சி ஆசிரியரும் நடத்தி நான் பார்த்ததில்லை. சில நாட்களாகவே நடக்கிறதாம். நான் தர்பூசணி அட்டையை எடுத்து நீட்டினேன். எமில்சே வாசித்தாள்: "தர்..." என்னைப் போலவே அவளும் ஓர் இருமல் இருமினாள். "பூ..." மறுபடியும் ஓர் இருமல். "சணி."

புத்தகம் அச்சாகட்டும் என்று சொல்லிவிட்டேன். இருமல் இம்முறையில் சேராது என்று ஓர் அடிக்குறிப்பை மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.