கேற்றடியில் ஒரு ஹோன்

இரண்டு குட்டிச் சத்தம், பிறகு ஒரு நீட்டல். அம்பிட்டிய ஏற்றத்தில் அந்த ஸ்கூட்டர் ஹோன் ஓய்ந்து ஆறு வருடமாகிறது. நினைத்தால் றமணனுக்கு இன்றும் வயிறு எரியும்.

எரியாதா? வேலை முடிந்து அவன் வந்து கேற்றைத் தட்டினால், நிரஞ்சலா பால் போத்தலைக் கழுவி முடித்துத்தான் வருவாள். வீடு வீடாக ஸ்கூட்டரில் வந்து தாய் பிள்ளை பார்க்கும் மருத்துவமாது றுமைஸா ஹோன் அடித்தால் ஈரக்கையோடு ஓடுவாள். கலியாணமாகி மூன்று வருடத்தில் கணவனிடம் சிரிக்காத சிரிப்பெல்லாம் அங்கே ஒரே மூச்சில் செலவாகும். அவன் கிட்டப் போனால் இருவரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

விஷயம் அவனுக்குத் தெரியும். மூத்தவளுக்கு ஒன்றரை வயது, இளையவனுக்கு மூன்று மாதம். நிரஞ்சலாவுக்கு ஆசிரியர் நியமனம் வந்திருந்தது. பிள்ளை தங்காமல் ஐந்து வருடத்துக்குக் கைத்தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியைப் பற்றி அவள் கேட்டபோது, "வேண்டாம்! அது நடந்து இருதயத்துக்குப் போகுமாம்" என்று மறித்தவன் அவனே. கந்தோரில் கூட வேலை செய்யும் யாரோ சொன்னது.

ஒருநாள் அவள் தேத்தண்ணியோடு வந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இஞ்சருங்கோ, றுமைஸா மிஸ் சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை. பயமாக் கிடக்கு. நீங்கள் படிச்ச ஆள், பாத்துச் சொல்லுங்கோவன்."

றமணன் குளிர்ந்து போனான். ஒரு கிழமை போனைக் கீழே வைக்கவில்லை. தெரிந்த டொக்டர்கள் இருவரைக் குடைந்தான். ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தொடங்கியது.

"இருதயத்துக்குப் போகாதோ?"

"சீச்சீ! வைச்ச இடத்திலதான் கிடக்கும்."

"மாதாந்தம் பிந்தினால் கெட்ட ரத்தம் உள்ளுக்குச் சேருமாம்."

"உருவாகிறதே குறைவு, எங்கால சேருறது?"

"பிறகு பிள்ளையே தங்காதெண்டு சனம் சொல்லுது."

"எடுத்தால் திரும்பத் தங்கும். உம்மட மிஸ் உதொண்டும் சொல்லேல்லையோ?"

"இவ்வளவு வடிவாச் சொல்லேல்லை. அப்ப வைக்கலாமெண்டுறியள்?"

"நாளைக்கே வையும்! நானே கூட்டிக்கொண்டு போறன்."

நிரஞ்சலா இடது சட்டைக்கையை உயர்த்தினாள். ஆறிப்போன சின்ன வடு. தோலுக்கடியில் மெல்லிய இரண்டு கோடு.

"மூண்டு கிழமையாச்சு. இந்தக் குளிருக்கு நீளக்கைச் சட்டை ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப பயமெண்டு சொன்னீர்?"

"எனக்கும் இருந்ததுதான். மிஸ்ஸைக் கேட்டுத் தீர்த்திட்டன். மிச்சம் இருந்தது உங்கட பயம். பயந்த ஆளையே படிப்பிக்க விடச் சொன்னதும் மிஸ்தான்."

கேற்றடியில் இரண்டு குட்டிச் சத்தம், ஒரு நீட்டல். ஈரமில்லாத கையோடுதான் ஓடினாள்.

அடுத்த வருடம் றுமைஸா மிஸ் கம்பளைக்கு மாற்றலாகிப் போனார். புது மருத்துவமாது வரும்வரை, அந்த ஒழுங்கையில் குடியிருந்த பெண்களின் சந்தேகங்களைக் கேற்றடியில் நின்று தீர்த்து வைத்தவன் றமணன்.